பச்சைத் தொப்பியின் வரலாறு நம் பிள்ளைகளுக்கும் உரியது



மெர்சிங் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் படகுத்துறையும் தியோமான் தீவும் நினைவுக்கு வரும். நமக்கோ இன்னோர் அடையாளமும் உண்டு. மலேசிய ராணுவத்தின் சிறப்புப் படையான கெராக் காஸ் பிரிவின் இஸ்கண்டார் முகாம் நம் ஊரில்தான் அமைந்துள்ளது. பச்சைத் தொப்பி அணிந்த அவ்வீரர்கள் நம் பிள்ளைகளுக்குப் புதியவர்கள் அல்லர். ஆனால், அந்தத் தொப்பி எங்கிருந்து வந்தது, அந்தப் படை ஏன் பிறந்தது என்று கேட்டால் எத்தனை பிள்ளைகளால் விடை கூற இயலும்? பிள்ளைகள் இருக்கட்டும், ஆசிரியர்களாகிய நம்மில் எத்தனை பேரால் இயலும்?

இந்த வரலாற்றைத் தமிழ்ப்பள்ளியில், தமிழில், நாமே சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கீழே விளக்க முற்படுகிறேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1963-இல் மலேசியா உருவானபோது இந்தோனேசிய அதிபர் சுகார்னோ அதனைக் கடுமையாக எதிர்த்தார். 'கொன்ஃப்ராண்டாசி' என்றழைக்கப்பட்ட அந்த மோதல் 1966 வரை நீடித்தது. அதன் சூட்டை அதிகம் உணர்ந்த மாநிலங்களுள் நம் ஜொகூரும் ஒன்று. 1964 ஆகஸ்டு 17-ஆம் நாள் பொந்தியான் கரையோரத்தில் ஊடுருவல்காரர்கள் வந்திறங்கினர். செப்டம்பர் 2-ஆம் நாள் லாபிஸ் பகுதியில் வான்குடை வழியாகக் குதித்தனர். 1965 பிப்ரவரி 28-ஆம் நாள் கோத்தா திங்கியில் எட்டு வீரர்கள் உயிரிழந்தனர். பிள்ளைகள் விடுமுறையில் பாட்டி வீட்டுக்குச் செல்லும் வழியில் கடக்கும் ஊர்கள்தாம் இவை.

காட்டிலும் சதுப்பிலும் கடலிலும் மறைந்து வரும் எதிரியைச் சமாளிக்க வழக்கமான பயிற்சி போதாது என்பதை ராணுவம் உணர்ந்தது. 1965 பிப்ரவரியில் ஜொகூர் பாருவின் மஜிடி முகாமில் முதல் தேர்வு நடந்தது. வந்தவர் சுமார் 300 பேர். தேறியவர் 15 பேர் மட்டுமே. அவர்களுக்குப் பயிற்சியளித்தது பிரிட்டனின் அரச கடற்படை வீரர்களைக் கொண்ட 40-ஆம் கமாண்டோ பிரிவு. அவர்களிடமிருந்து பெற்றதுதான் இந்தப் பச்சைத் தொப்பி. 'கமாண்டோ' என்னும் சொல்லே தென்னாப்பிரிக்காவின் போயர் மக்களிடமிருந்து வந்தது. அவர்களோடு போரிட்ட பிரிட்டன், பின்னர் 1940-இல் அப்பெயரைத் தன் படைகளுக்கு வைத்துக்கொண்டது. எதிரியிடமிருந்து கற்ற சொல் நாடு கடந்து, கடல் கடந்து நம் ஊர் முகாம் வரை வந்திருக்கிறது.

இத்தகைய படைகள் பெரும்பாலும் ஆபத்தின் பிள்ளைகளே. உக்ரேன் நாட்டை எடுத்துக்கொள்வோம். 2014-இல் கிரிமியாவை இழந்த அந்நாடு, தன் சிறப்பு நடவடிக்கைப் படையைத் தனிப் பிரிவாக அமைத்தது 2016-இல்தான். வீட்டில் திருடன் புகுந்த பிறகே பூட்டை மாற்றுகிறோம் அல்லவா? நாடுகளும் அப்படித்தான் போலும்.

'விரைவும் சுறுசுறுப்பும்' என்னும் பொருளுடையது கெராக் காஸின் கொள்கை வாசகம். அதன் அடிப்படைப் பயிற்சி முகாம், காடு, சதுப்பு நிலம், கடல் எனப் பல கட்டங்களைக் கடந்து, எதிரியின் பிடியிலிருந்து தப்பிக்கும் பயிற்சியோடு நிறைவடைகிறது. இதையெல்லாம் படித்ததும், "தமிழ்ப்பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. அதற்கு நாம் பேராக் மாநிலத்தின் சாவுக் என்ற ஊருக்குச் செல்ல வேண்டும்.

2000-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், அல்-மவூனா என்ற கும்பல் ராணுவ அதிகாரிகளைப்போல் வேடமிட்டுப் பேராக்கில் ராணுவத்தின் ஆயுதங்களைக் கொள்ளையடித்துச் சாவுக் அருகே உள்ள குன்றில் பதுங்கியது. நால்வர் அவர்களிடம் பணயக் கைதிகளாகச் சிக்கினர். ஒருவர் காவல்துறையின் சிறப்புக் கிளையைச் சேர்ந்த கார்ப்ரல் சகாதேவன், ஒரு தமிழர். இன்னொருவர் மெத்யூ அனாக் மேடான், சரவாக்கிலிருந்து வந்த கெராக் காஸ் வீரர். மற்ற இருவரும் மலாய்க்காரர்கள். ஒருவர் காவலர், மற்றவர் பழத்தோட்டத்துக்குச் சென்ற கிராமத்தவர். சகாதேவனும் மெத்யூவும் அங்கே கொல்லப்பட்டனர். மற்ற இருவரும் உயிர் தப்பினர். ஜூலை 6-ஆம் நாள் கும்பல் சரணடைந்தது. பேரரசருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றத்திற்காக அதன் தலைவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2006-இல் நிறைவேற்றப்பட்டது.

நால்வரில் முஸ்லிம் அல்லாத இருவரே கொல்லப்பட்டனர் என்பது கசப்பான உண்மை. அதனை மறைத்துச் சொல்லித்தருவது வரலாறாகாது. ஆனால், அதோடு நிறுத்திக்கொள்வதும் வரலாறாகாது. குன்றின் மேல் ஏறிச் சென்று, உயிரைப் பணயம் வைத்துப் பேசி, கும்பலைச் சரணடையச் செய்தவர்கள் லெப்டினன் ஜெனரல் ஜைனி முகமட் சைட், வாட் 69 படையின் அதிகாரி அப்துல் ரசாக் முகமட் யூசோப் ஆகியோர். இருவரும் மலாய்க்காரர்கள், முஸ்லிம்கள். இரண்டு உண்மைகளையும் ஒருசேரக் கேட்கும் பிள்ளையின் உள்ளத்தில் வெறுப்பு வேர்விடாது. ஒன்றை மட்டும் அரைகுறையாக எங்கோ கேட்கும் பிள்ளையின் உள்ளத்தில் என்ன முளைக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

2014 முதல் நான்காம் ஆண்டிலிருந்தே வரலாறு கட்டாயப் பாடமாகியுள்ளது. பாடநூலில் எல்லாவற்றிற்கும் இடமிராது என்பதை ஏற்கிறேன். விடுபட்டதை எடுத்துச் சொல்வதுதானே ஆசிரியர் பணி? இல்லையேல் அந்த வெற்றிடத்தைத் திரைப்படம் நிரப்பிவிடும். ஒற்றை ஆளாய் நூறு பேரைச் சுட்டு வீழ்த்தும் நாயகனே கமாண்டோ என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். சாவுக் நிகழ்வில் முடிவைக் கொண்டுவந்தது பேச்சுவார்த்தை. ஆயுதம் ஏந்தத் தெரிந்தவனுக்கு அதனை எப்போது தாழ்த்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 'படைமாட்சி'க்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் பிள்ளைகளுக்கு இது விளங்காதா என்ன?

"தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் போர்க்கதை எதற்கு?" என்ற ஐயம் பெற்றோரிடையே எழலாம். நியாயமான ஐயமே. கொலையை வருணிக்கச் சொல்லவில்லை. போரைப் போற்றவும் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்லலாம் என்ற அளவு ஆசிரியருக்குத் தெரியும். பெயர்களையும் காரணங்களையும் தியாகத்தையும் சொன்னால் போதும்.

பெற்றோர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல விழைகிறேன். மலேசிய ஆயுதப் படையில் இந்தியர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பது நாடறிந்த செய்தி. "ராணுவம் நமக்கு ஒத்துவராது" என்று பிள்ளை வாய் திறக்கும் முன்பே நாம் கதவைச் சாத்திவிடுகிறோம். உணவு, வழிபாடு, பதவி உயர்வு குறித்த அச்சங்கள் நமக்கு உண்டு. அவற்றுள் சில நியாயமானவை. அவற்றிற்குப் பதில் கூறும் கடமை அரசாங்கத்தைச் சாரும். எனினும், சுங்கை பீசியில் அரச ராணுவக் கல்லூரியும் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன என்பதையாவது பிள்ளைகள் அறியட்டும். சேர்வதும் சேராததும் அவர்கள் விருப்பம். அறியாமல் இழப்பது மட்டும் நம்மால் நேரக்கூடாது.

ஆசிரியர்களுக்கு ஓர் எளிய பரிந்துரை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 31 வீரர்கள் நாள். அந்த வாரத்துச் சபைகூடலில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சகாதேவன், மெத்யூ ஆகிய இரு பெயர்களையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆறாம் ஆண்டு மாணவர்களை லாபிஸ், பொந்தியான், கோத்தா திங்கி ஆகிய ஊர்களை ஜொகூர் வரைபடத்தில் குறிக்கச் செய்து, அங்கே என்ன நடந்தது என்று ஒரு பத்தி தமிழில் எழுதச் சொல்லுங்கள். செலவில்லாத பாடம், நாட்டுப்பற்றை முழக்கமாகக் கூவாமல் அறிவாகப் பெறும் பாடம்.

இந்நாட்டிற்காக உயிர் கொடுத்தவர்களில் நம்மவரும் உண்டு. அதை நம் பிள்ளைகள் நம் மொழியில், நம் வாயால் கேட்கட்டும்.

உங்கள் கருத்துகளையும் அறிய ஆவலாய் உள்ளேன்.