ஈயை ஆராய்வது வீண் வேலையா?



"மனிதருக்கே மருந்து போதவில்லை, ஈக்கு என்ன ஆராய்ச்சி? பெண்பிள்ளைக்கு ஈ பிடிக்கும் படிப்பு எதற்கு?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுப்பது என்று வீட்டில் பேச்சு நடக்கும் இவ்வேளையில் இக்கேள்விக்கு விடை கூற விரும்புகிறேன்.

நான் சொல்வது எச்சில் இலையில் மொய்க்கும் ஈயை அன்று. வில்லியனூர்ப் பழக்கடைகளில் அளிந்த வாழைப்பழத்தைச் சுற்றும், கடுகளவே உள்ள பழ ஈயை. அழுகலிலேயே பிறந்து வளரும் அதற்கு நம்மைப் போல் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் இல்லை. பின் எப்படி உயிர் வாழ்கிறது?

பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர் நகரில் ழூல் ஹொஃப்மன் குழுவினர் 1996-இல் இதற்கு விடை கண்டனர். 'டோல்' என்ற புரதம் பழுதுபட்ட ஈக்களுக்குப் பூஞ்சை நோயை உண்டாக்கினர். ஈக்கள் மாண்டன, அவற்றின் உடல்மீது பூஞ்சை படர்ந்தது. நல்ல ஈயிலோ, பூஞ்சை நுழைந்த செய்தி உயிரணுவின் மேற்புறத்திலுள்ள டோலை எட்டியதும் அது உள்ளே ஆணை அனுப்புகிறது. பூஞ்சையைக் கொல்லும் புரதங்கள் சுரக்கின்றன.

இதே டோல், ஈயின் கருவில் முதுகு எது, வயிறு எது என்று வகுப்பதற்கும் உதவுகிறது. அதைக் கண்டு பெயரிட்டவர் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்னும் பெண் விஞ்ஞானி. (ஈ பிடிக்கும் படிப்புக்கு அவர் 1995-இல் நோபல் பரிசு பெற்றார் என்பதைப் பெற்றோர் கவனிக்க!) மருந்தைத் தேடி அவர் இதைத் தொடங்கவில்லை. ஆயினும் 1998-இல் புரூஸ் பாய்ட்லர், டோலைப் போன்ற ஒரு புரதமே பாக்டீரியா நச்சை உணர்கிறது என்று எலிகளில் கண்டார். மனிதரிடம் இத்தகைய புரதங்கள் பத்து உள்ளன. 2011-இல் ஹொஃப்மனும் பாய்ட்லரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

நம் புதுச்சேரிக்கு வருவோம். இது டோலின் கதை அன்று. ஆனால் பழ ஈயின் கதைதான். அதன் உடலில் வாழும் வோல்பேக்கியா என்ற பாக்டீரியாவைத் தாங்கிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக இங்குள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 2022-இல் அறிவித்தது. அக்கொசுவினுள் டெங்கு வைரஸ் எளிதில் பெருகாது. மழைக்காலத்தில் பாகூரில் காய்ச்சலுக்கு அஞ்சும் தாய்மார்களுக்கு இது வேண்டாத ஆராய்ச்சியா?

மருத்துவமனைக்குப் படுக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வேண்டும். ஈ வளர்க்கச் செலவும் குறைவு. நம் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே ஒரு கண்ணாடிச் சீசா, பாதி வாழைப்பழம், வாயை அடைக்கப் பஞ்சு இருந்தால் போதும். சுமார் பத்து நாளில் முட்டை ஈயாகிவிடும். பழத்தை நாங்களே கொண்டு வருகிறோம், சிஸ்டர். சீசாவுக்கு மட்டும் தாங்கள் அனுமதி தர வேண்டும்.