டிசம்பரில் பிறந்த பையன்



பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு பாசிர் ரிஸில். ஜொகூர் பாலம் தாண்டிப் போகிறவர்களுக்கு அது சற்றுத் தொலைவுதான். கிழக்கே ஓடும் ரயில், இதற்குமேல் தடமில்லை என்று நின்றுவிடும் கடைசி நிலையம் அது. 1989ஆம் ஆண்டில் அந்த நிலையத்தைத் திறந்தார்கள். முன்பு கம்பங்களும் கடற்கரையுமாக இருந்த இடம், இன்று எங்கு திரும்பினாலும் அடுக்குமாடி.

மாலையில் அந்த அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு திடலில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் எல்லாம் கலந்த கூச்சல். என் தங்கை மகன் மட்டும் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பதினான்கு வயது. பந்து என்றால் சோற்றை மறக்கிற பிள்ளை.

"ஏன்டா, ஆடலையா?"

"போன வாரம் டீமுக்கு ஆள் எடுத்தாங்க மாமா. என்னை எடுக்கல. வந்தவனுங்க எல்லாம் என்னைவிட ஒரு தலை ஒசரம்."

வீட்டுக்கு வந்தால் என் தங்கைக்கு ஒரே நிம்மதி. "நல்லதாப் போச்சுண்ணே. இனிமேலாச்சும் புத்தகத்தத் தொடுவான்" என்றாள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவி வந்து உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "2010ல ஜாலான் புசார்ல நாங்க பார்த்தத இவன் பார்க்கல. அப்ப பொறக்கவே இல்ல."

தீபாவளிக்குத் துணி எடுக்கச் சிராங்கூன் சாலைக்குப் போயிருக்கும் வாசகர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். பெருமாள் கோயிலிலிருந்து கால்மணி நேர நடையில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம். 1929இல் திறந்தது. சிங்கப்பூர்க் காற்பந்தின் தொட்டில் என்று சொல்வார்கள். ஏறக்குறைய 6,000 பேர்தான் உட்காரலாம்; ஆனால் கத்தினால் பத்து மடங்கு கேட்கும்.

உலகின் முதலாவது இளையர் ஒலிம்பிக் விளையாட்டை நடத்தும் உரிமை 2008 பிப்ரவரியில் சிங்கப்பூருக்குக் கிடைத்தது. காற்பந்தில் ஆடும் பையன்கள் அனைவரும் 1995ஆம் ஆண்டில் பிறந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது, வாய்ப்புக் கிடைத்த அன்று அந்தப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. நாடு முழுவதும் பார்க்கப்போகும் ஓர் அணியை அந்த வயதுப் பிள்ளைகளிலிருந்து உருவாக்க வேண்டும். முன்னாள் தேசிய ஆட்டக்காரர் காதிர் யஹ்யா அதற்குப் பயிற்சியாளர்.

2010 ஆகஸ்டில் ஆட்டங்கள் தொடங்கின. ஆண்கள் பிரிவில் மொத்தம் ஆறே நாடுகள். சிங்கப்பூர்ப் பையன்கள் ஸிம்பாப்வேயை 3-1 என்று வென்றார்கள். மொண்டெனேக்ரோவை 3-2 என்று வென்றார்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது. பெரியவர்களின் தேசிய அணி என்றால் குறை சொல்லிப் பழகிய ரசிகர்கள், இந்தப் பிள்ளைகளுக்காகத் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். மாப்பிள்ளை பாசிர் ரிஸிலிருந்து ரயிலேறி லவெண்டரில் இறங்கி, சட்டை நனைய நடந்து போனாராம்.

அரையிறுதியில் எதிரே வந்து நின்றது ஹெய்ட்டி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஜனவரி 12ஆம் தேதிதான் அந்த நாட்டை நிலநடுக்கம் புரட்டிப்போட்டது. இறந்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல் என்றது அந்நாட்டு அரசு. அவர்களுடைய காற்பந்துச் சம்மேளனக் கட்டடமே இடிந்து விழுந்து, உள்ளே இருந்த அதிகாரிகளும் பயிற்சியாளர்களும் மாண்டுபோனார்கள். அப்படிப்பட்ட நாட்டிலிருந்து, ஏழே மாதத்தில், பதினைந்து வயதுப் பிள்ளைகள் பூட்ஸ் கட்டிக்கொண்டு வந்து சிங்கப்பூரை 2-0 என்று வென்றார்கள். வசதியும் திடலும் இருந்தால்தான் அணி உருவாகும் என்று நாம் பேசுகிறோமே, அந்தப் பேச்சை இந்த ஆட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. இறுதியாட்டத்தில் பொலிவியாவிடம் ஹெய்ட்டி 5-0 என்று தோற்றது வேறு விஷயம்.

சிங்கப்பூர்ப் பையன்கள் மூன்றாம் இடத்துக்கு மீண்டும் மொண்டெனேக்ரோவைச் சந்தித்து, 4-1 என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1998ஆம் ஆண்டில், அப்போதைய பிரதமர் கோ சோக் தோங் காலத்தில், 2010 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறுவோம் என்று சிங்கப்பூர் இலக்கு வைத்தது. 2010 வந்தது, உலகக் கிண்ணம் தென்னாப்பிரிக்காவில் சிங்கப்பூர் இல்லாமலே நடந்து முடிந்தது. அதற்கு அடுத்த மாதம், யாரும் இலக்கு வைக்காத பையன்கள் பதக்கம் வாங்கினார்கள்.

"அப்புறம் அந்தப் பையன்கள் என்ன ஆனாங்க?" என்று மருமகன் கேட்டான். சரியான கேள்வி. அந்த அணி அப்படியே வளர்ந்து நாட்டின் மூத்த அணியாகிவிடவில்லை. சிங்கப்பூரில் பதினெட்டு வயதானால் ஆண்பிள்ளைகள் ஈராண்டு தேசிய சேவைக்குப் போக வேண்டும். கால் பழுத்து வரும் வயதில் அது வருகிறது. படிப்பு ஒரு பக்கம் இழுக்கும். பதினைந்தில் பதக்கம் வாங்கியவன் இருபத்தைந்தில் ஆடுவான் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது. அதேபோல், பதினான்கில் ஒதுக்கப்பட்டவன் ஆடமாட்டான் என்பதற்கும் உறுதி கிடையாது. தாய்மார்கள் இந்த இரண்டாவதைக் கவனிக்க வேண்டும்.

நம் பள்ளியில் ஜனவரித் தொடக்கத்தில் பிறந்த பிள்ளையும் அதே ஆண்டு டிசம்பர்க் கடைசியில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில்தான் உட்காருகிறார்கள். இருவருக்கும் இடையே ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம். இளையர் அணிகளும் அப்படித்தான் பிறந்த ஆண்டை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஓராண்டு என்பது சாதாரணமா? ஒருவனுக்குக் குரல் உடைந்து, தோள் விரிந்திருக்கும். இன்னொருவன் இன்னும் குழந்தை முகத்தோடு நிற்பான். தேர்வாளர் கண்ணுக்கு முதலில் படுவது யார்? 1980களில் கனடாவின் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த தேதிகளை ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அணிகளில் நிறைந்திருந்தார்கள். பிறகு பல நாடுகளின் காற்பந்திலும் அதே கதைதான் தெரியவந்தது.

வயதை மறைத்து ஆடுகிறவர்களைப் பிடிக்க, 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் மணிக்கட்டு எலும்பைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். பிறப்புப் பத்திரம் பொய் சொன்னாலும் எலும்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் டிசம்பர்ப் பையன் இழந்த பதினோரு மாதத்தை அந்தப் படம் திருப்பித் தராது. பெல்ஜியத்தார் இதற்கு ஒரு வழி செய்தார்கள்: தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே தேசிய அளவில் தனி இளையர் அணி அமைத்து, அவர்களையும் கைவிடாமல் பழக்குகிறார்கள்.

மாப்பிள்ளை வீட்டில் இதையெல்லாம் நான் பெரிய மனிதனாக விளக்கிக்கொண்டிருந்தபோது, நெஞ்சில் ஒரு முள் குத்தியது. வாசகர்களிடம் சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மாவட்டப் பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டிக்கு எங்கள் பள்ளி அணியைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். ஆறாம் வகுப்பில் டிசம்பரில் பிறந்த ஒரு பையன் இருந்தான். அம்மா செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கப் போவார். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டே வரும். ஆனால் இடுப்பளவு உயரம். "அடுத்த வருசம் பார்க்கலாம்" என்று சொல்லி, நெட்டையான ஒருவனைச் சேர்த்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எங்கள் பள்ளியில் ஏது அடுத்த வருடம்? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவனுக்கு உறைத்திருக்கிறது. அதன்பின் திடல் பக்கமே அவன் வரவில்லை.

சென்ற ஆண்டு தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஒருவன் வந்து வணங்கினான். நான் நிமிர்ந்துதான் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. "சார், இடைநிலைப்பள்ளி முடிக்கிறப்பதான் வளந்தேன்" என்று சிரித்தான். இப்போது லாரி ஓட்டுகிறான். பந்து ஆடுகிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நம் நாட்டிலேயே பொறுமைக்கு ஓர் உதாரணம் உண்டு. பயிற்சியாளர் கே. ராஜகோபால் இளைய ஆட்டக்காரர்களைக் கொண்டு 2009இல் லாவோஸில் நடந்த சீ விளையாட்டில் 20 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். அவர்களில் பலரை விட்டுவிடாமல் மூத்த அணிக்கும் கொண்டுபோனார். 2010 டிசம்பரில் சுசூக்கிக் கிண்ணமும் வந்தது.

ஆகவே தாய்மார்களே, பையனை அணியில் எடுக்கவில்லை என்றால் அவனுக்குக் கால் வரவில்லை என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். "குட்டையா" என்று வீட்டில் கூப்பிடாதீர்கள். காலையில் வெறும் வரக்காப்பியோடு பள்ளிக்கு அனுப்பாமல், ஒரு முட்டையாவது கொடுங்கள். இரவு கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு நேரத்தோடு தூங்கவிடுங்கள்; பிள்ளைகள் வளர்வதற்குத் தூக்கம் வேண்டும். புத்தகத்தையும் பந்தையும் சண்டைக்கு விடாதீர்கள். பாடம் முடித்தவனுக்குத் திடல் உண்டு என்றால் பாடமும் நடக்கும். இது என் வகுப்பில் பார்த்தது.

ஊர் திரும்பும் நாள் காலையில் மருமகனைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்கவைத்து, தலைக்குமேல் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். "அடுத்த லீவுக்கு வந்து பார்ப்பேன்" என்றேன். அவன் கோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பிறகு கட்டிலுக்கடியில் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தான்.

"பத்து மணிக்குள்ள வந்துரு. கணக்கு இருக்கு" என்று அடுப்படியிலிருந்து என் தங்கை சத்தம் போட்டாள்.