கறுப்பர் பத்திரிகை போட்ட தலைப்பு

போன மாதம் நம்ம வாசகர் வட்டத்தில் விளையாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. தொழில்முறைக் கால்பந்தில் ஒரு ஆட்டக்காரன் 'நான் ஆண்களை விரும்புகிறவன்' என்று வெளியே சொன்னால் அவனுக்கு என்ன நடக்கிறது என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. ஒரு தோழர் எழுந்தார். நல்ல தோழர், போராட்டத்தில் சிறைக்குப் போய் வந்தவர். "பந்து ஆடுறான்னா ஆடிட்டுப் போகட்டும். ராத்திரி யார்கூடப் படுக்குறான்னு எதுக்கு மைக் வெச்சுச் சொல்லணும்?" என்றார். கைதட்டல். இன்னொருத்தர், "இது வயிறு நெறஞ்ச வெள்ளைக்காரன் பிரச்சினை, நமக்கெதுக்கு?" என்று முடித்து வைத்தார். டீ வந்துவிட்டது.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் வருசக்கணக்காக உட்கார்ந்து, கேட்டதும் சண்டை போடுகிற பழக்கம் போய்விட்டது. இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்த வயிறு நெறஞ்ச வெள்ளைக்காரன். இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில், ஆடிக்கொண்டிருக்கும்போதே இதை முதன்முதலில் வெளியே சொன்ன ஆள் வெள்ளைக்காரன் இல்லை தோழரே. அவர் பெயர் ஜஸ்டின் ஃபஷானு. 1961-இல் லண்டன் ஹாக்னியில் பிறந்த கறுப்பர். அப்பா நைஜீரியர், அம்மா கயானாவிலிருந்து வந்த நர்ஸ். பெற்றோர் பிரிந்ததும் ஜஸ்டினும் தம்பி ஜானும் பர்னார்டோ விடுதிக்குப் போனார்கள். பிறகு நார்ஃபோக் கிராமத்தில் ஒரு வெள்ளைத் தம்பதி இரண்டு பேரையும் எடுத்து வளர்த்தார்கள். ஊரே வெள்ளை, நடுவில் இரண்டு கறுப்புப் பிள்ளைகள். வயிறு நெறஞ்ச கதையா இது?

ஜஸ்டின் நாரிச் சிட்டி அணியில் ஆடினார். 1980 பிப்ரவரியில் லிவர்பூலுக்கு எதிராக ஒரு கோல். கோலுக்கு முதுகைக் காட்டி நின்றவர், வந்த பந்தை வலது காலால் மேலே தூக்கிவிட்டு, திரும்பி, அது தரையில் விழுவதற்குள் இடது காலால் அடித்தார். அந்தப் பருவத்தின் சிறந்த கோல் என்று பிபிசி அதைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த வருசம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணி பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. பிரிட்டனில் அந்த விலைக்குப் போன முதல் கறுப்பு ஆட்டக்காரர் அவர்தான். வயது இருபது.

ஃபாரஸ்ட் மேலாளர் பிரையன் கிளஃப். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரிய தலை. தன்னைச் சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டவர், தொழிற்கட்சி ஆதரவாளர் (நம்ம இடதுசாரி நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்). ஜஸ்டின் ராத்திரியில் தன்பாலீர்ப்பாளர் கூடும் கிளப்புக்குப் போகிறார் என்ற பேச்சு அவர் காதுக்கு வந்தது. கூப்பிட்டு, ரொட்டிக்கடை கறிக்கடை என்று உதாரணம் சொல்லி மடக்கி, கடைசியில் அசிங்கமான வார்த்தையால் கேட்டதைக் கிளஃப்பே தன் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். ஃபாரஸ்டுக்காக லீக்கில் 32 ஆட்டம், 3 கோல். கோல் அடிக்காத ஃபார்வர்டை உட்கார வைப்பது மேலாளரின் உரிமை, ஒத்துக்கொள்கிறேன். பயிற்சி மைதானத்துக்கே வராதே என்று சொல்லி, வந்தவரை வெளியேற்றப் போலீசைக் கூப்பிட்டது எந்த ஃபார்ம் கணக்கில் சேரும்?

அணி விளையாட்டில் இது ஒரு தனிக் கொடுமை. நூறு மீட்டர் ஓடுகிறவளுக்குக் கடிகாரம் சாட்சி. பதினோரு பேரில் ஒருத்தனாக ஆடுகிறவனுக்கு யார் சாட்சி? மற்ற பத்துப் பேர் பந்தைத் தட்டிக் கொடுத்தால்தான் அவன் ஆட்டக்காரன். மேலாளர் தாளில் பெயர் எழுதினால்தான் அவன் உள்ளே. வெளியே தள்ளுவதற்குக் காரணம் எழுத வேண்டிய அவசியமே இல்லை. 'டிரெஸ்ஸிங் ரூம் ஒற்றுமை கெடுது' என்றால் போதும். பதவி உயர்வு நேர்காணலில் 'பெர்சனாலிட்டி பத்தல' என்று கேட்டுவிட்டு வெளியே வந்த நம்மாளுக்கு இதை நான் விளக்கவா வேண்டும்? எந்த மெமோவில் சாதி எழுதியிருந்தது?

அமெரிக்காவில் இது அதற்கும் முன்பே நடந்திருக்கிறது. க்ளென் பர்க், கறுப்பர், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி. 1977 அக்டோபர் 2 அன்று கூட ஆடும் டஸ்டி பேக்கர் ஹோம் ரன் அடித்து ஓடி வந்தபோது பர்க் தலைக்கு மேலே கையைத் தூக்கி நின்றார். பேக்கர் அந்தக் கையில் ஓங்கித் தட்டினார். ஹை-ஃபைவ் பிறந்தது அங்கேதான் என்பார்கள். விக்கெட் விழுந்ததும் நம்ம தெருப் பிள்ளைகள் கூட அப்படித்தான் தட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கைக்குச் சொந்தக்காரரிடம் அணி நிர்வாகம், ஒரு பொண்ணைப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கோ, தேனிலவுக்கு 75,000 டாலர் தருகிறோம் என்று சொன்னதாகப் பர்க் பின்னால் சொன்னார். அவர் மறுத்தார். 1978-இல் ஓக்லண்ட் அணிக்குத் தள்ளிவிட்டார்கள். 27 வயதில் ஆட்டம் முடிந்தது. வெளிப்படையாக ஊருக்குச் சொன்னது 1982-இல். 1995-இல் எய்ட்ஸால் இறந்தார், வயது 42.

ஜஸ்டின் விசயத்தில் பேரம் பேசியது நிர்வாகம் இல்லை, கூடப் பிறந்த தம்பி. ஜான் ஃபஷானுவும் பேர் வாங்கிய கால்பந்தாட்டக்காரர். அண்ணன் வாயைத் திறக்காமல் இருக்க 75,000 பவுண்டு கொடுத்தேன் என்று ஜானே பின்னாளில் சொன்னார். அங்கே டாலர், இங்கே பவுண்டு, எண் மட்டும் ஒன்று. தினமும் பணம் எண்ணுகிறவன் கண்ணில் இதுதான் முதலில் படுகிறது.

ஜஸ்டின் வாயைத் திறந்தார். 1990 அக்டோபர் 22, 'சன்' பத்திரிகை முதல் பக்கம். அதற்கு அவர் காசு வாங்கினார், அதையும் மறைக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து 'தி வாய்ஸ்' பத்திரிகையில் ஜானின் பேட்டி வந்தது. என் தன்பாலீர்ப்பு அண்ணன் ஒரு அவுட்காஸ்ட், இதுதான் தலைப்பு.

'தி வாய்ஸ்' யாருடைய பத்திரிகை? பிரிட்டன் கறுப்பர்களுடைய பத்திரிகை. பிரிக்ஸ்டன் கலகத்துக்கு அடுத்த வருசம், 1982-இல், நமக்கென்று ஒரு குரல் வேண்டும் என்று தொடங்கியது. பெயரே குரல். நம்மைப் போன்றவர்கள் நடத்திய பத்திரிகை தோழர்களே. அதில்தான் அந்தத் தலைப்பு. ஆங்கில அகராதியில் அந்த அவுட்காஸ்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்துச் சொல்லாக எது நிற்கிறது என்று எடுத்துப் பாருங்கள். 'பறையா'. நம்ம சாதிப் பேரைத்தான் அவன் மொழியில் ஒதுக்கப்பட்டவனுக்கு வைத்திருக்கிறான். அதனால்தான் சொல்கிறேன், அந்தத் தலைப்பு எனக்கு லண்டன் சமாச்சாரமாகப் படவில்லை.

ஜானின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 1988-இல் ஜான் பார்ன்ஸ் என்ற கறுப்பு ஆட்டக்காரர் மீது ரசிகர்கள் வாழைப்பழம் எறிந்தார்கள். அவர் அதைக் குதிகாலால் தட்டிவிட்ட போட்டோ பிரபலம். குரங்கு என்று கத்துகிற கூட்டத்துக்கு நடுவே ஆடி ஜெயித்த மக்கள், இப்போதுதான் கொஞ்சம் மரியாதை வருது, இவன் வந்து கெடுத்துட்டானே என்று நினைத்தார்கள். நம்ம தெருவிலும் இந்த நினைப்பு உண்டு. 'அவனுங்க என்ன சொல்லுவானுங்க?' அதாவது நம்மை மிதிக்கிறவன் கண்ணுக்கு நாம் சுத்தமாகத் தெரிய வேண்டும், அதற்காக நம்மில் ஒருத்தனை நாமே வெட்டி வெளியே போட வேண்டும். இதற்குப் பேர் விடுதலை என்றால் எனக்கு வேண்டாம்.

அதே பத்திரிகையில் டோனி சூவெல் என்ற பத்தி எழுத்தாளர் ஜஸ்டினையும் தன்பாலீர்ப்பாளர்களையும் கேவலமாக எழுதினார். அவரும் கறுப்பர். 2020-இல் பிரிட்டன் அரசு இனப் பாகுபாட்டை ஆராய ஒரு ஆணையம் போட்டபோது தலைவராக அமர்ந்தவர் அதே சூவெல். 1990-இல் எழுதியது அப்போதுதான் திரும்பக் கிளம்பியது, மன்னிப்புக் கேட்டார். 2021 மார்ச்சில் வெளிவந்த அவருடைய அறிக்கை, அமைப்பு ரீதியான இனவெறி என்ற குற்றச்சாட்டுக்குப் போதிய சான்று இல்லை என்கிற ரீதியில் பேசி, கறுப்பர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டது. தன் கூட்டத்தில் பலவீனமானவனை அடித்துப் பழகிய கை பிறகு யாருக்குச் சேவகம் செய்யப் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜஸ்டின் புனிதர் இல்லை. அரசியல்வாதிகளோடு உறவு இருந்ததாகக் கதைகட்டிப் பத்திரிகைகளுக்கு விற்கப் பார்த்தார். 1994-இல் ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் அணி அதற்காகவே வேலையை விட்டு நிறுத்தியது. 1998-இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் 17 வயதுப் பையன் ஒருவன் அவர்மீது பாலியல் வன்முறைப் புகார் கொடுத்தான். அது நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை. அதனால் உண்மை என்றோ பொய் என்றோ நான் எழுத மாட்டேன். புகார் சொன்ன பையனுக்கும் நீதி கிடைக்கவில்லை, இவருக்கும் கிடைக்கவில்லை. ஜஸ்டின் இங்கிலாந்துக்கு ஓடி வந்தார். அந்த மே மாதத் தொடக்கத்தில் லண்டன் ஷோர்டிச்சில் ஒரு கார் ஷெட்டில் தூக்கில் தொங்கினார். என்னை ஏற்கெனவே குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டார்கள், நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் இனியும் தலைகுனிவைத் தர விரும்பவில்லை என்று கடிதம். வயது 37.

'பார்த்தீங்களா, ஆள் சரியில்ல' என்பார்கள். சேரியில் ஒரு கொலை விழுந்தாலும் முதலில் இதைத்தானே கேட்கிறார்கள், செத்தவன் ஆள் எப்படி என்று.

இப்போது மைக் கேள்விக்கு வருகிறேன். எதுக்கு வெளியே சொல்லணும்? தோழரே, நீங்கள் சொல்லாத நாள் உண்டா? கல்யாணப் பத்திரிகை அச்சடித்து ஆபீஸ் முழுக்கக் கொடுத்தீர்கள். பெண்டாட்டியோடு எடுத்த போட்டோவைப் பர்ஸில் வைத்திருக்கிறீர்கள். கால்பந்தாட்டக்காரன் கோல் அடித்துவிட்டுக் கல்யாண மோதிரத்தை முத்தமிடுகிறான். கேலரியில் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவியை டிவிக்காரன் தேடிப் பிடித்துக் காட்டுகிறான். இதற்கெல்லாம் மைக் எதுக்கு என்று யாரும் கேட்பதில்லை. 2014-இல் மைக்கேல் சாம் என்ற கறுப்பு இளைஞர், அமெரிக்கக் கால்பந்துக்குத் தேர்வான செய்தி வந்ததும் சந்தோசத்தில் பக்கத்திலிருந்த காதலனை முத்தமிட்டார். மனைவியைக் கொஞ்சுகிறவனைக் காட்டிய அதே டிவியில் இதைப் பார்த்ததும் கூச்சல். கல்லூரி அளவில் தன் வட்டாரத்தின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதைப் பகிர்ந்துகொண்டவர் அவர். 256 பேர் தேர்வில் 249-ஆவது ஆளாக எடுத்தார்கள். ஒரு லீக் ஆட்டம் கூட ஆட விடாமல் முடித்துவிட்டார்கள்.

மேற்கத்திய வியாதி என்கிற வாதத்துக்கு அதிக இடம் தர மாட்டேன். ஜஸ்டினுடைய அப்பாவின் நைஜீரியாவிலும் அம்மாவின் கயானாவிலும் இதைக் குற்றமாக்கிய சட்டத்தை எழுதியவன் வெள்ளைக்காரன். நம்ம 377-ஐயும் 1860-இல் அவன்தான் போட்டான். 2018 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அதன் பிடியிலிருந்து இவர்களை விடுவித்தது. அவன் சட்டத்தைப் பண்பாடு என்று நாம் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

2019-இல் செயின்ட் லூசியா டெஸ்டில் மேற்கிந்தியத் தீவுகளின் ஷானன் கேப்ரியல், இங்கிலாந்து கேப்டன் ஜோ ரூட்டைப் பார்த்து ஏதோ சொல்ல, அதைத் திட்டாகப் பயன்படுத்தாதே, அப்படி இருப்பதில் தப்பில்லை என்று ரூட் சொன்னது ஸ்டம்ப் மைக்கில் பதிவானது. கேப்ரியலுக்கு நாலு ஒருநாள் ஆட்டம் தடை. வெள்ளைக் கேப்டன் சொன்னது சரி, கறுப்புப் பந்துவீச்சாளர் சொன்னது தப்பு. இதைச் சொல்ல நமக்கு ஏன் தொண்டை அடைக்கணும்?

அதற்காக வெள்ளைக்காரன் திருந்திவிட்டான் என்று மாலை போடவும் வேண்டாம். 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஏழு ஐரோப்பிய அணிகள் வானவில் நிறப் பட்டையைக் கையில் கட்டுவதாக அறிவித்தன. கட்டினால் கேப்டனுக்கு மஞ்சள் அட்டை என்றது ஃபிஃபா. ஏழு அணியும் கழற்றி வைத்துவிட்டன. ஒரு மஞ்சள் அட்டைக்கு! அதே வருசம் மே மாதம் பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ், 17 வயதுப் பையன், தனியாக வெளியே வந்து சொன்னான். ஆடிக்கொண்டிருக்கும்போதே சொன்ன ஆண், ஜஸ்டினுக்குப் பிறகு பிரிட்டன் தொழில்முறைக் கால்பந்தில் அவன்தான். நடுவில் 32 வருசம். ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்கள் வந்து போனார்கள். ஒருத்தர் கூட இல்லாமலா இருந்திருப்பார்?

பெண்கள் அணியில் இப்படி இல்லை. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட்டில் வான் நீகெர்க்கும் மரிசான் காப்பும் 2018-இல் கல்யாணம் செய்துகொண்டு ஒரே அணியில் ஆடினார்கள். ஆண்கள் ஆட்டத்தில் விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்கே ஆண்மைதான். கடைக்காரன் சரக்கைக் குறை சொல்ல விடமாட்டான்.

கடைசியாக ஒன்று. என்னுடைய முதல் தொகுப்பில் ஊர்க்காரனைத் திட்டுகிற கவிதை ஒன்று இருக்கிறது. நம்ம மேடைகளில் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். அதில் மூன்று இடத்தில் அவனைப் 'பொட்டப்பய' என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில்தான் விசில் பறக்கும். அந்த விசிலில் எனக்கும் சந்தோசம் இருந்தது. எதிரியை அடிக்க நான் எடுத்த கல், கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த நம்ம பையன் எவன் மண்டையில் விழுந்ததோ. அந்தக் கவிதையை இனி வாசிக்க மாட்டேன். போன இரண்டு இதழ்களில் வந்த கவிதைகளிலும் 'ஒம்போது' என்ற சொல் திட்டாக வந்திருக்கிறது. பக்க எண் குறித்து வைத்திருக்கிறேன். ஆசிரியர் குழு இதற்கு என்ன சொல்கிறது என்று அடுத்த இதழில் எழுதட்டும்.