கல்கத்தாவில் வார்த்த ஜாகுவார்

ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு எழுந்து நிற்கும். பழைய பந்தயக் கார்களில் ஆசை உள்ளவர்கள் அதைப் பார்த்ததுமே ஜாகுவார் டி-டைப் என்று சொல்லிவிடுவார்கள். பிரான்சின் லெ மான் பாதையில் அப்போது கண்ணுக்கெட்டும் தூரம் நேராக ஓடும் பகுதி இருந்தது. அங்கே உச்ச வேகத்தில் கார் அலைபாயாமல் இருக்க வைத்த துடுப்பு அது. 1955, 1956, 1957 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டி-டைப் வென்றது. மூன்றில் கடைசி வெற்றிதான் எனக்கு உயர்வாகப்படுகிறது. ஜாகுவார் நிறுவனமே பந்தயத்திலிருந்து ஒதுங்கிவிட்டிருந்தது. 1957 பிப்ரவரியில் அதன் கவென்ட்ரி ஆலையும் தீப்பிடித்தது. இருந்தும் ஜூனில் தனியார் அணிகளின் டி-டைப்கள் முதல் 4 இடங்களையும் பிடித்தன.

அந்தச் சூட்டோடு அதே ஆண்டில் லிவர்பூலின் டிங்கி டாய்ஸ், உள்ளங்கை அளவில் ஒரு டி-டைப்பைக் கொண்டுவந்தது. எண் 238, நீலமும் பச்சையும் கலந்த நிறம். ஹார்ன்பி பொம்மை ரயில்களுக்குத் துணையாகப் பிறந்தவை டிங்கி கார்கள். ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற அந்த ரயில் கணக்கிலிருந்து வந்ததுதான், இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்கள் புழங்கும் 1:43 அளவு.

உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி இவற்றை வார்ப்பார்கள். உலோகம் மலிவு, அச்சுதான் விலை. அதனால் ஒரு மாடலை நிறுத்தினாலும் அச்சைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. 1960களின் பிற்பகுதியில் டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்குக் கப்பலேறின. அடித்தட்டில் இருந்த பெயரைத் திருத்தி ‘நிக்கி’ ஆக்கினார்கள். டி-டைப்பும் அப்படி நம் நாட்டுப் பொம்மையானது.

நிக்கியின் பெயின்ட் தடிமன். ஓரங்கள் மழுங்கியிருக்கும். இதனால் அதை இரண்டாந்தரம் என்று ஒதுக்குகிற சேகரிப்பாளர்கள் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. வெளிநாட்டுப் பொம்மைகள் எளிதில் உள்ளே வர முடியாத காலத்தில், லெ மான் வென்ற காரை இந்தியப் பிள்ளைகளின் கையில் கொடுத்தது நிக்கிதான். ஜெர்மனியின் சிஎம்சி இன்று 1:18 அளவில் செய்யும் பழைய பந்தயக் கார்கள் பலவற்றில் ஒரு காருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் இருக்கும். சக்கரத்தின் கம்பிகளைக் கையால் கோக்கிறார்கள். அந்த வேலைப்பாட்டை வணங்குகிறேன். ஆனால் அவை அலமாரிக்கென்றே பிறந்தவை, எந்தப் பிள்ளையும் அவற்றைத் தரையில் ஓட்டியதில்லை.

டி-டைப்பின் அசல் இனி நம் கைக்கு எட்டாது. 1956இல் லெ மான் வென்ற கார் 2016 ஏலத்தில் சுமார் 2.18 கோடி டாலருக்குப் போனது.

பழைய உலோகப் பொம்மைக் கார்களுக்கு ஒரு நோயும் உண்டு. வார்க்கும்போது கலவையில் ஈயம் கொஞ்சம் சேர்ந்துவிட்டால், பல வருடம் கழித்து உள்ளுக்குள்ளேயே அரித்து, வெடித்து, உதிர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகள் பல அப்படித்தான் போயின. ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். மருந்து கிடையாது. உலர்ந்த இடத்தில் வைப்பது ஒன்றே வழி.

நோயைவிட அதிகமாக அழிப்பது நம் கைதான். பளபளப்பாக்குகிறேன் என்று புதுப் பெயின்ட் அடித்தால், அந்தக் காலத்து நிறமும் அது பட்ட தேய்மானமும் சேர்ந்தே போய்விடும். வீட்டுப் பரணில் பழைய பொம்மைப் பெட்டி இருந்தால் இறக்கிப் பாருங்கள். கையளவு கார் ஏதும் கிடைத்தால் புரட்டி அடித்தட்டைப் படியுங்கள். நிக்கி என்று இருந்தால், டயர் இல்லாவிட்டாலும் சரி, தயவுசெய்து காயலான் கடைக்குப் போடாதீர்கள்.