புரியாத தீர்ப்புக்கு யார் பொறுப்பு?



2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, அதே மாவட்டத்துக் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் உத்தரவுகளோ ஆங்கிலத்தில். தங்களைப் பற்றி நீதிபதிகள் என்ன சொன்னார்கள் என்பதை அந்த மலையிலுள்ள வெள்ளிமலைக்காரர் பத்திரிகைச் செய்தியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம் என்பதற்கு அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவைக் காட்டுவார்கள். அதே பிரிவில் இருக்கும் வழியைக் கொண்டுதான் உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் இந்திக்கு இடம் கிடைத்தது. தமிழுக்காக நம் சட்டமன்றம் 2006-ல் போட்ட தீர்மானம் ஈடேறவில்லை. அது பெரிய இடத்து விவகாரம், இருக்கட்டும். எங்களை அன்றாடம் வதைப்பது கீழ்க்கோர்ட்.

சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாது என்றொரு லத்தீன் வாசகத்தை வக்கீல்கள் ரசித்துச் சொல்வார்கள். மறுதரப்பையும் கேட்க வேண்டும் என்று இன்னொரு லத்தீன் வாசகமும் உண்டு. அதை ரசிப்பவர்கள் குறைவு. சிவில் வழக்கில் குறித்த தேதிக்கு ஆஜராகாவிட்டால் 'எக்ஸ்பார்ட்டி', அதாவது அவர் இல்லாமலே ஒருதலையாகத் தீர்ப்பு. அப்படி ஆன டிக்ரியை ரத்து செய்யக் கோர 30 நாள்தான் கெடு. வாய்தா தள்ளிப்போயிருக்கிறது என்று நினைத்துக் கரும்பு வெட்டப் போனவருக்கு, அமீனா வாசலில் நிற்கும்போதுதான் சேதி தெரிகிறது. பிறகு தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, அதற்கொரு ஃபீஸ்.

கிரிமினல் வழக்கில் தீர்ப்பை முழுதும் வாசிக்காவிட்டால், அதன் சாரத்தைப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, 392-வது பிரிவு. (இந்தப் பெயரே எங்கள் ஊரில் வாய்க்குள் நுழைவதில்லை.) ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரிந்தாலும் போதும், அவருடைய வக்கீலுக்குப் புரிந்தாலும் போதும் என்று அதிலேயே ஓர் ஓட்டை. வக்கீலுக்குப் புரிந்ததும் கடமை முடிகிறது. கூண்டில் நிற்பவர், தண்டனையா விடுதலையா என்பதை வக்கீலின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். இதைத்தான் கண்டிக்கிறேன்.

பழங்குடியினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்த உதவி வக்கீலை நியமிப்பதோடு நிற்கக் கூடாது. ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது, அடுத்து என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று தமிழில் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்க வட்ட சட்டப் பணிகள் குழுவால் முடியாதா?

உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புகள் பலவற்றைத் தமிழில் வெளியிடுகிறது. கல்வராயன் மலை வழக்கின் உத்தரவுகளையும் தமிழில் வெளியிட்டு, வரும் கிராம சபைக் கூட்டத்தில் மலையின் எல்லா ஊராட்சிகளிலும் வாசிக்க உயர் நீதிமன்றமும் மாவட்ட ஆட்சியரும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
களமருதூர், கள்ளக்குறிச்சி மாவட்டம்.