நிற்கத் தெரிந்த பிறகு ஓடலாம்

பழைய வைரத் தோட்டைக் கையில் வாங்கும் பத்தர் முதலில் எதைப் பார்ப்பார்? கல்லின் ஜொலிப்பையா? இல்லை. திருகாணியின் மரை தேய்ந்திருக்கிறதா என்றுதான் திருகிப் பார்ப்பார். கல் எவ்வளவு உசத்தியாக இருந்தால் என்ன? திருகாணி நழுவினால் தோடு தெருவோடு போய்விடும் அல்லவா?

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே நியாயந்தான். அதன் சிவப்பு வர்ணமும், கம்பிச் சக்கரமும் கண்ணைப் பறிக்கலாம். ஆனால் அதை மறுபடி சாலைக்குக் கொண்டுவர நினைப்பவர் கவனிக்க வேண்டியவை யார் கண்ணிலும் படாத இரண்டு பாகங்கள். ஒன்று பிரேக், மற்றொன்று கியர்பாக்ஸ்.

"இதெல்லாம் ஆண்கள் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த இரண்டுக்கும் வழி காட்டியதே ஒரு குடும்பத் தலைவிதான். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் மோட்டார் வண்டி செய்தார். அவருடைய தொழிலுக்குக் கை கொடுத்தது மனைவி பெர்த்தாவின் சீதனப் பணம். 1888 ஆகஸ்டில் அந்த அம்மாள், கணவரிடம் சொல்லிக்கொள்ளாமல், இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து தாய் வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியிலேயே புறப்பட்டுவிட்டார். சுமார் நூறு கிலோமீட்டர் பிரயாணம்! எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். பிரேக் கட்டை தேய்ந்து பிடிப்பு விட்டபோது, வழியில் ஒரு சக்கிலியரிடம் சொல்லி அதன்மேல் தோல் வைத்து அடிக்கச் செய்தார். பிரேக்குக்கு லைனிங் போடும் வழக்கம் அங்கே பிறந்தது என்பார்கள். மேட்டில் வண்டி ஏறவில்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. இந்த அனுபவத்தைக் கேட்ட பிறகுதான் கணவர் மேடு ஏறுவதற்கென்று இன்னொரு கியரைச் சேர்த்தார்.

இனி நம் ஸ்போர்ட்ஸ் காருக்கு வருவோம். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. என்ற காரை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டி. இன்றும் அந்த நாட்டில் எத்தனையோ பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பழுது பார்க்கும் வண்டி.

எதில் ஆரம்பிப்பது? சந்தேகமே வேண்டாம், பிரேக்கில்தான். கியர்பாக்ஸ் கெட்டால் வண்டி நின்றுபோகும். பிரேக் கெட்டால் நிற்காமல் போகும்!

எம்.ஜி.பி.யின் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக். பின் சக்கரங்களில் டிரம் பிரேக். காலால் மிதிக்கும் அழுத்தத்தை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோவது பிரேக் ஆயில். ஆரம்ப கால வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே வழிதான். எங்கேயாவது ஒரு குழாய் துருப்பிடித்து வெடித்தால், நான்கு சக்கரங்களிலும் பிடிப்புப் போய்விடும். கைப்பிரேக் ஒன்றே கதி. எனவே பழைய இரும்புக் குழாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்திப்படுவது தப்பு, மாற்றிவிட வேண்டும். ரப்பர் குழாயோ இன்னும் கபடமானது. வெளியே நன்றாக இருக்கும். உள்ளே வீங்கி வழியை அடைத்துக்கொண்டிருக்கும்.

பிரேக் ஆயிலுக்கு நம் வீட்டு உப்பின் குணம் உண்டு. மூடி திறந்திருந்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலைச் சரிவில் மறுபடி மறுபடி பிரேக் போடும்போது சூடேறி, உள்ளே ஆவி கிளம்பும். ஆவியை அமுக்கினால் அமுங்கும். அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பெடல் மெத்தையில் கால் வைத்தது போல் தரைவரை போய்விடும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். இன்னொன்று: சாதாரண எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுக் கூட இதில் கலக்கக் கூடாது. உள்ளேயுள்ள ரப்பர் வாஷர்கள் உப்பிக் கெட்டுவிடும்.

புது ஆயில் ஊற்றிய பிறகு குழாயிலிருந்து காற்று எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்தருகே நிப்பிளைத் திறந்து மூடுவார். மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் வெளியே போன காற்று உள்ளே வந்துவிடும். தம்பதிகளின் ஒற்றுமைக்கு இதைவிடப் பரீட்சை வேண்டாம்!

கியர்பாக்ஸின் நோயைக் காதால் கண்டுபிடிக்கலாம். கிரைண்டர் சத்தம் சற்று மாறினால் அடுப்படியிலிருந்தே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா? அதுபோலத்தான். மற்ற கியர்களில் முனகி, நாலாவது கியரில் மட்டும் வண்டி மௌனமாக ஓடினால், பெட்டியின் அடியிலுள்ள துணைத் தண்டின் பேரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நாலாவது கியரில் அந்தத் தண்டுக்குச் சுமை இல்லை. இரண்டாவது கியருக்கு இறக்கும்போது 'கர்ர்' என்று பல் உரசினால், சிங்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது.

அது என்ன வளையம்? ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொள்பவன், பஸ்ஸின் வேகத்துக்குக் கூடவே சில அடி ஓடித்தான் ஏறுகிறான். நின்றபடி தாவினால் பல் உடையும். கியர்ச் சக்கரங்களுக்கும் அதே கதிதான். இரண்டின் வேகமும் சமமான பிறகே பல்லோடு பல் சேர வேண்டும். பித்தளை நிறத்தில் இருக்கும் அந்த வளையம் உரசிப் பிடித்து வேகத்தைச் சமமாக்குகிறது. கியர்பாக்ஸுக்குள்ளேயும் ஒரு குட்டி பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! 1967ன் பிற்பகுதி வரை வந்த எம்.ஜி.பி.யில் முதல் கியருக்கு இந்த வசதி கிடையாது. வண்டி முழுவதும் நின்ற பிறகே முதல் கியர் போடுவது உத்தமம்.

இந்தக் கியர்பாக்ஸைத் தனியாக இறக்க முடியாது. எஞ்சினோடு சேர்த்துத்தான் வெளியே தூக்க வேண்டும். பிரித்த பாகங்களைச் சுத்தமான துணியில் கழற்றிய வரிசைப்படியே பரப்பி வைப்பது நல்லது. சிங்க்ரோ ஹப்பை ஒரு துணிக்குள் வைத்தே கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயிருக்கும் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் கடுகு வெடித்த மாதிரி மூலைக்கொன்றாகத் தெறித்து ஓடும். வளையம், பேரிங், ஆயில் சீல் மூன்றையும் ஒரே தடவையில் புதிதாகப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். கடைசியில் ஊற்ற வேண்டியது, மற்றக் கார்களைப் போல் கியர் ஆயில் அல்ல. 20டபிள்யூ50 என்ற எஞ்சின் ஆயில்தான்.

இத்தனையையும்விட முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருக்கும். டிரம்மைக் கழற்றினால் உள்ளே சாம்பல் நிறத்தில் தூசி இருக்கும். அதை 'பூ' என்று ஊதுவதும், காற்றுக் குழாயால் அடிப்பதும் மகா ஆபத்து. மியூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்சன் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் 1965ல் லண்டனில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்நார்த் தொழிற்சாலைக்குள் காலெடுத்தே வைக்காத பெண்கள் சிலருக்கும் நுரையீரல் உறையில் புற்றுநோய் வந்திருந்தது. அவர்கள் செய்ததெல்லாம், அங்கே வேலை பார்த்தவர்களின் துணிகளை வீட்டில் உதறித் துவைத்ததுதான்! அந்த நோய் இருபது, முப்பது, நாற்பது வருஷம் பதுங்கியிருந்து வெளிப்படும். பிரிட்டன் 1999ல் எல்லா வகைக் கல்நாரையும் தடை செய்துவிட்டது. ஆனால் அதற்கு முன் பூட்டிய லைனிங் பழைய வண்டிக்குள் இன்னும் இருக்கலாம்.

ஆகவே தூசியைத் தண்ணீரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். மூக்குக்குத் தகுந்த முகமூடி அவசியம். வேலை செய்த உடுப்போடு கூடத்துக்குள் நுழைந்து குழந்தையைத் தூக்கக் கூடாது. அந்த உடுப்பை உதறாமல், வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே நனைக்க வேண்டும்.

வீட்டில் யாருக்காவது பழைய வண்டிப் பைத்தியம் பிடித்தால் நீங்கள் தடை சொல்ல வேண்டாம். அது ரசிக்கத்தக்க பைத்தியந்தான். ஆனால் மூன்று கேள்விகள் கேளுங்கள். "பிரேக் ஆயில் எப்போது மாற்றியது? குழாய் புதிதா, பழையதா? அந்தச் சட்டையை எங்கே கழற்றினீர்கள்?" மூன்றுக்கும் சரியான பதில் வந்தால், பக்கத்து இருக்கையில் தைரியமாக ஏறி உட்காரலாம்.