அலையா, பனியா?

புனே நகரில் வெள்ளிக்கிழமை மாலை என்பது முதுகுப் பைகளின் நேரம். ஸ்வார்கேட் பஸ் நிலையத்தில் கொங்கண் பக்கம் போகும் பஸ்களில் இடம் பிடிக்க இளைஞர் கூட்டம் முண்டியடிக்கும். சாந்தினி சௌக்கைத் தாண்டி முல்ஷி, தாம்ஹிணி கணவாய் நோக்கி மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டும். பாதிப் பேர் கோட்டை ஏறப் போகிறவர்கள். மீதிப் பேர் கடலில் விழுந்து எழுந்துவிட்டு ஞாயிறு இரவு உப்புப் பூத்த உடம்போடு திரும்பப் போகிறவர்கள். திங்கட்கிழமை காலை எல்லோரும் ஹிஞ்சவாடியின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பார்கள்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில், சஹ்யாத்ரியின் முதுகில் சாய்ந்தபடி இருக்கிறது புனே. சிம்மகட் கோட்டை 30 கிலோ மீட்டர் தூரம்தான். கணவாய் இறங்கினால் நான்கைந்து மணி நேரத்தில் அரபிக்கடல். ஆனால் இந்த மலையில் பனி விழாது. மகாராஷ்டிரத்தின் மிக உயரமான கல்சுபாய் சிகரமே 1,646 மீட்டர்தான். நகரத்துக்குள் கடல் காற்றும் எட்டாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவனுக்கு இரண்டின் மேலும் ஆசை வருவது இயல்பு.

அந்த ஆசை இப்போது வார இறுதியோடு நிற்பதில்லை. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, அலுவலகம் என்பது ஒரு லேப்டாப்பும் இன்டர்நெட்டும்தான் என்று மென்பொருள் ஊழியர்களுக்குத் தெரிந்துபோனது. அதன் பிறகு டீக்கடைப் பேச்சில் ஒரு புதிய கேள்வி புகுந்துகொண்டது. வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்றால் எங்கே வாழ்வது? காலையில் அலைச்சறுக்கு, பத்து மணிக்கு லேப்டாப் என்று கடலோரம் குடியேறுவதா? அல்லது பனிக்காலத்தைக் குல்மார்கிலோ ஔலியிலோ கழித்து, பனிச்சறுக்குப் பழகுவதா?

தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். அலையிலும் சறுக்குகிறோம், பனியிலும் சறுக்குகிறோம். யானைக்கும் அடி சறுக்கும் என்கிறபோதும் அதே சறுக்கல்தான். சொல் ஒன்றாக இருந்தாலும் இரண்டு வாழ்க்கைகளும் வேறு வேறு.

பனிச்சறுக்கில் மலை அசையாமல் நிற்கிறது, மனிதன் இறங்குகிறான். அலைச்சறுக்கில் தரையே ஓடுகிறது. தெற்கே இந்துமாக்கடலில் எங்கோ வீசிய காற்று கிளப்பிவிட்ட அலை, ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் பயணம் செய்து, கரையோர ஆழமின்மையில் தடுக்கி நிமிர்ந்து உடைகிறது. அந்தச் சில விநாடிகளுக்குள் பலகை மேல் எழுந்து நின்றாக வேண்டும். இந்த சில விநாடிகளுக்காக ஒரு மணி நேரம் கையால் துடுப்புப் போட்டுக் காத்திருக்க வேண்டும். அலைச்சறுக்கு வீரனின் வாழ்வில் பெரும்பகுதி காத்திருப்புதான். நெய்தல் திணைக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்த முன்னோர்களுக்குக் கடற்கரையில் உட்கார்ந்திருப்பவனின் மனசு தெரிந்திருக்கிறது. அவர்களுடைய ஐந்து நிலங்களில் பனிமலைக்கு மட்டும் இடம் இல்லை.

பணக்கணக்கும் வேறு. அலைக்கு டிக்கெட் கிடையாது. ஒரு பலகை, அதைக் காலோடு பிணைக்கும் கயிறு, பழகிய ஆசிரியர் போதும். பனியில் இறங்க வேண்டுமானால் முதலில் மேலே ஏற வேண்டும். குல்மார்கில் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் தொடங்கும் கேபிள் கார், அபர்வத் மலையில் ஏறக்குறைய 3,980 மீட்டர் வரை கொண்டுபோய் விடுகிறது. அதற்குக் கட்டணம், சறுக்குக் கட்டைகளுக்கு வாடகை, பூட்ஸ், கையுறை, கம்பளி, விமான டிக்கெட், தங்கும் விடுதி என்று பட்டியல் நீளும். இத்தனைக்கும் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரைதான்.

கடலுக்கும் பருவம் உண்டு. புனேக்குப் பக்கத்திலுள்ள கொங்கண் கரையில் மழைக்காலக் கடல் மூர்க்கமானது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகுகளுக்கே அங்கு தடை. அலைச்சறுக்கு என்றால் புனேக்காரனின் கண் கிழக்குக் கரைக்குத்தான் போகிறது. அதுவும் தமிழ்நாட்டுக்கு.

சென்னைக்குத் தெற்கே கோவளம் மீனவக் குப்பத்தில் நடந்தது இந்திய அலைச்சறுக்கின் சுவையான கதைகளில் ஒன்று. மூர்த்தி மேகவன் என்ற மீனவ இளைஞர் வெளிநாட்டவர் ஒருவரின் பலகையில் பார்த்துப் பழகினார். கட்டுமரத்தில் வளர்ந்த உடம்புக்கு அலையை வாசிக்க யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. பிறகு குப்பத்துப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது என்பது நிபந்தனை. 2012-ல் தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு அது முறையான அலைச்சறுக்குப் பள்ளியாயிற்று. அடுத்த ஆண்டு முதல் அங்கே அலைத் திருவிழா நடந்தது. தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் வந்து பலகை மேல் நின்றார். மேற்குக் கரையில் கர்நாடகத்தின் முல்கியும் இதேபோல ஒரு மையமாக வளர்ந்தது.

2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன் பட்டப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தபோது ரமேஷ் புடிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற இந்த விளையாட்டு, 2026 ஆசிய விளையாட்டுப் போட்டியின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. கடலே இல்லாத பாரிஸ் நகரம் 2024 ஒலிம்பிக்கை நடத்தியபோது, அலைகளுக்காக உலகின் மறுகோடியில் உள்ள தஹிதித் தீவுக்குப் போனது. புனேக்காரர்கள் கோவளம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பனியின் கதை இதைவிடப் பழையது, ஆனால் தனிமையானது. 1964-ல் இன்ஸ்ப்ரூக்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் பெயரில் முதன்முதலாக இறங்கியவர் ஜெரமி புயாகோவ்ஸ்கி, போலந்து வம்சாவளியினர். ஏறக்குறைய ஆறு பத்தாண்டுகள் கழித்து 2022-ல் பெய்ஜிங்கிலும் இந்தியக் கொடிக்குப் பின்னால் ஒரே ஒரு வீரர்தான்: காஷ்மீரின் ஆரிஃப் கான். ஜயன்ட் ஸ்லாலம் பிரிவில் 45-வது இடம் பெற்றார். அவருடைய தந்தை குல்மார்கில் சறுக்குக் கட்டைகள் விற்கும் கடை வைத்திருந்தவர். மீனவன் மகன் அலைக்குப் போவதைப்போல, கடைக்காரர் மகன் பனிக்குப் போயிருக்கிறார். இந்தியாவில் இந்த இரண்டு விளையாட்டுகளும் பிறந்த மண்ணோடு ஒட்டியே வருகின்றன. மலையில்லாத ஊரிலிருந்து ஒருவர் அந்த இடத்துக்கு வர அரை ஆயுள் வேண்டும்.

அதே நேரத்தில் புனேக்காரர்களின் மலைப் பித்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1998-ல் புனேயின் சுரேந்திர சவான் எவரெஸ்ட் சிகரத்தில் நின்றார். 1982-ல் தொடங்கிய கிரிபிரேமி என்ற புனே அமைப்பு, உமேஷ் ஸிர்பேயின் தலைமையில் 2012-ல் எட்டுப் பேரை எவரெஸ்டிலும், 2019-ல் பத்துப் பேரைக் கஞ்சன்ஜங்காவிலும் ஏற்றியது. பனி விழாத ஊரிலிருந்து போனவர்கள் இவர்கள். சஹ்யாத்ரியின் கரும்பாறைகளில் பல வருடம் கையும் காலும் தேய்த்ததன் பலன் அது.

ஆசையும் சம்பளமும் மட்டும் இருந்தால் போதாது என்பதற்குச் சான்றும் புனேயிலேயே இருக்கிறது. 2016 பிப்ரவரி 1-ம் தேதி சுற்றுலா போன புனே கல்லூரி ஒன்றின் மாணவர்கள் 14 பேரை முருட் கடற்கரையில் அரபிக்கடல் கொண்டுபோனது. 2024 ஜூன் 30-ம் தேதி லோணாவளாவில் பூஷி அணைக்கு அருகே அருவியில் நின்றிருந்த புனேக் குடும்பத்தினர் ஐந்து பேரைத் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது. குல்மார்கில் 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டினர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் புதைந்தார்கள். ஓடிவரும் நீரும் உறைந்த நீரும் புதிதாக வந்தவனின் சம்பளச் சீட்டைப் பார்ப்பதில்லை.

இன்னொரு கேள்வி, ஆசைப்படுகிறவர்கள் அதிகம் கேட்காதது: தேர்ந்தெடுக்கும் இடம் அங்கேயே இருக்குமா? 2024 ஜனவரியில் குல்மார்கின் சரிவுகள் பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பனி போதாமல் தள்ளிப்போடப்பட்டு மார்ச்சில்தான் நடந்தன. ஔலிக்குப் போகும் வழியிலுள்ள ஜோஷிமட் ஊரில் 2023 ஜனவரியில் வீடுகள் வெடிப்பு விட்டன. ஔலிக்கான கயிற்றுப் பாதை நிறுத்தப்பட்டது. கடற்கரையும் பத்திரமாக இல்லை. சென்னைக்கு வடக்கிலும் தெற்கிலும் கடல் அரித்த குப்பங்களுக்குக் கற்சுவர்தான் காவல். கல் கொட்டிய கரையில் அலையும் பழையபடி உடைவதில்லை.

பனி பொய்த்தால் புனே இளைஞன் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அடுத்த வாரம் கோவளம் போகலாம். அவனுக்கு இது விருப்பம். சறுக்குக் கட்டை வாடகைக்கு விடுகிறவனுக்கும் வழிகாட்டிக்கும் அந்த மூன்று மாத வருமானம்தான் வருடத்தின் அடுப்பு. கோவளத்துப் பையன் பலகையைத் தூக்குவதும் பொழுதுபோக்குக்காக மட்டும் இல்லை. வலையில் மீன் விழாத நாட்களில் அவன் கற்றுக்கொடுக்கும் பாடம் வீட்டுக்கு அரிசியாகிறது. அலையா பனியா என்ற கேள்வி லேப்டாப் வைத்திருப்பவனுக்குத்தான். மற்றவர்களுக்குப் பதில் பிறப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது.

இதே கேள்விக்குப் புனே மண்ணில் வளர்ந்த ஒருவர் 17-ம் நூற்றாண்டிலேயே விடை கண்டிருக்கிறார். சிவாஜிக்கு மலையும் தேவைப்பட்டது, கடலும் தேவைப்பட்டது. ராஜ்கட் போன்ற மலைக்கோட்டைகளை வைத்துக்கொண்டே 1664-ல் மால்வண் கடலுக்குள் சிந்துதுர்க் கோட்டைக்கு அடிக்கல் போட்டார். மலைக்கு மாவளப் பள்ளத்தாக்கின் மாவளர்களை நம்பினார். கப்பலுக்குக் கரையோரத்துக் கோளிகளையும் பண்டாரிகளையும் சேர்த்துக்கொண்டார். மலைக்காரனைக் கொண்டு கடலை வெல்ல அவர் முயலவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் மலைக்கோட்டையும் இருக்கிறது, கடற்கோட்டையும் இருக்கிறது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம்முடைய செஞ்சி.

லேப்டாப் தலைமுறைக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதைத் துறக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் எங்கே போனாலும் அந்த இடத்துக்காரனிடம் கைகட்டிக் கற்றுக்கொள்ள வேண்டும். கடல் இன்று வேண்டாம் என்று மீனவன் சொன்னால் பலகையைக் கரையிலேயே வைக்க வேண்டும். சரிவு சரியில்லை என்று வழிகாட்டி சொன்னால் விடுதியிலேயே உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். கற்றுக்கொடுத்தவனுக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் அவகாசம் இல்லாதவர்களுக்குச் சிம்மகட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூச்சிரைக்க மேலே ஏறினால் பிட்லா பாக்ரியும் மண்சட்டித் தயிரும் கிடைக்கும். வடக்கே, பல நாள் பயணத்துக்கு அப்பால் பனி. மேற்கே, மலை வரிசைகளுக்குப் பின்னால் கடல். இரண்டும் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. முடிவெடுக்க அதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.